சூரியனில் நேரம் பார்த்தவர்

மலருக்கு ஏதாவது எழுதுங்கள், ஆனால் ஹாஸ்டல் மெஸ் கதை வேண்டாம், அது போன மலரிலேயே நிறைய வந்துவிட்டது என்று மலர்க்குழு நண்பர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். சரி, நம் மாவட்டத்தோடு தூரத்து உறவு உள்ள ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையைச் சொல்வோம் என்று உட்கார்ந்தேன். அவர் பெயர் ஜான் எவர்ஷெட். வானவியல் படித்தவர்களுக்கு உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். நம் தமிழ்நாட்டில் பதினாறு வருஷம் இருந்து வேலை பார்த்தவர். ஆனால் நம்மில் பலருக்கு அவரைத் தெரியாது.

உறவு எப்படி என்று கேட்பீர்கள். நம் மாணவர்களில் நிறைய பேர் வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலையேறி காவலூர் போயிருப்பீர்கள். அங்கே 1986-ல் திறந்து வைத்த 2.3 மீட்டர் தொலைநோக்கிக்கு வைணு பாப்பு என்று பெயர். அந்த பாப்பு 1960-ல் கோடைக்கானல் வானாய்வுக்கூடத்துக்கு இயக்குநராக வந்தவர். இரவு வானத்தைப் பார்க்க நல்ல இடம் தேடி அலைந்து காவலூரைக் கண்டுபிடித்தவர். அவர் உட்கார்ந்த அதே கோடைக்கானல் நாற்காலியில் 1911 முதல் 1923 வரை உட்கார்ந்திருந்தவர்தான் எவர்ஷெட். காவலூருக்குத் தாய்வீடு கோடைக்கானல்.

கோடைக்கானல் கூடம் வந்த கதையிலும் நமக்குப் பங்கு உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பஞ்சம் வாட்டியது. வட ஆற்காடும் தப்பவில்லை. மழை ஏன் பொய்க்கிறது, சூரியப் புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் சம்பந்தம் உண்டா என்று அப்போது ஒரு கேள்வி எழுந்தது. அதைப் பார்க்கத்தான் 1899-ல் பழநி மலைமேல், சுமார் 2340 மீட்டர் உயரத்தில், சூரியனுக்கென்றே ஒரு கூடம் கட்டினார்கள். மழைக் கணக்கு எதிர்பார்த்த மாதிரி வரவில்லை. அதற்குப் பதில் வேறு ஒன்று கிடைத்தது.

எவர்ஷெட் 1864 பிப்ரவரி 26-ல் இங்கிலாந்தில் சர்ரே மாவட்டத்து கோம்ஷால் என்ற ஊரில் பிறந்தார். பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. பிழைப்புக்குத் தொழில்துறை கெமிஸ்ட் வேலை. நம்ம பக்கம் டேனரிகளில் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு டைட்ரேஷன் செய்துகொண்டிருப்பார்களே, அந்த ஜாதி உத்தியோகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகல் முழுக்கக் கம்பெனி லேப், மிச்ச நேரத்தில் வீட்டில் சொந்தத் தொலைநோக்கி. ரான்யார்ட் என்ற நண்பர் 1894-ல் இறந்தபோது தன் 18 அங்குலத் தொலைநோக்கியை இவருக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். இப்படி நண்பர் அமைவதும் ஒரு கொடுப்பினைதான்.

கிரகணம் எங்கே என்றாலும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். 1896-ல் நார்வேயில் மேகம் மூடி கிரகணம் போனது. ஆனால் அந்தப் பயணத்தில்தான் மேரி ஆர் என்ற பெண்மணியைச் சந்தித்தார். அவரும் வானம் பார்ப்பவர். பத்து வருஷம் கழித்து, 1906-ல் திருமணம். 1898-ல் நம் நாட்டுக்கே வந்து, இப்போதைய மகாராஷ்டிரத்தில் உள்ள டால்னி என்ற இடத்தில் கிரகணத்தின்போது சூரியனின் நிறமாலையை அருமையாகப் படம் எடுத்தார். அந்தப் பெயர்தான் வேலை வாங்கித் தந்தது. ஹக்கின்ஸ் என்ற மூத்த அறிஞர் சிபாரிசு செய்ய, கோடைக்கானலில் உதவிப் பதவி கிடைத்தது. நாற்பது வயதைத் தாண்டிய மனிதர், இருந்த வேலையை விட்டுவிட்டு, புது மனைவியோடு அமெரிக்கா, ஜப்பான் எல்லாம் சுற்றிக்கொண்டு 1907 ஜனவரியில் மலை ஏறினார்.

வந்து இரண்டே வருஷத்தில், 1909 ஜனவரி 5-ம் தேதி, சூரியப் புள்ளிகளின் ஓரப் பகுதியில் வாயு புள்ளியின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஓடுகிறது என்று கண்டுபிடித்தார். இன்றும் இதற்கு எவர்ஷெட் விளைவு என்றுதான் பெயர். அவர் புகழ் முழுக்க இதில்தான் நிற்கிறது, பாடப் புத்தகத்திலும் இதுதான் வரும். எனக்கு என்னவோ இதைவிட அடுத்து அவர் செய்த, உடனே முடிவு தெரியாத வேலைதான் பெரிதாகப் படுகிறது. நான் தொழிற்சாலைகளுக்கு அளவுக் கருவிகள் பொருத்தி, காலிபரேஷன் செய்து கொடுக்கிற வேலையில் இருப்பவன். அதனால் அந்தப் பக்கமே சாய்கிறேன் போலும்.

அந்த வேலை புரிய வேண்டுமானால் கொஞ்சம் பௌதிகம் பேசியாக வேண்டும். பயப்படாதீங்க, சமன்பாடு போட மாட்டேன்.

வேலூர் லாங் பஜாரில் எங்கள் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். கடையில் ஒரு ஊசல் கடிகாரம், ஒரு தட்டுத் தராசு, பிற்பாடு வந்த ஒரு எலக்ட்ரானிக் தராசு. இந்த மூன்றையும் கோடைக்கானலுக்குத் தூக்கிக்கொண்டு போவதாக வைத்துக்கொள்வோம். மலைமேல் பூமியின் இழுப்பு கொஞ்சம் குறைவு. தட்டுத் தராசுக்கு அது தெரியவே தெரியாது, ஏனென்றால் படிக்கல்லும் சரக்கும் சேர்ந்தே லேசாகும். எலக்ட்ரானிக் தராசு மட்டும் நூறு கிலோ மூட்டைக்குச் சில பத்து கிராம் குறைத்துக் காட்டும். அங்கே மறுபடியும் காலிபரேட் செய்ய வேண்டும். ஊசல் கடிகாரமோ மலைமேல் மெதுவாக ஓடும், நாளுக்கு இருபது முப்பது விநாடி பின்தங்கும். இது நியூட்டன் காலத்திலிருந்தே தெரிந்த சங்கதி. இங்கே மெதுவானது ஊசல்தான், நேரம் அல்ல.

ஐன்ஸ்டைன் 1907-லும் 1911-லும் சொன்னது வேறு. 1915-ல் அதைப் பொதுச் சார்பியல் கொள்கையாக முழுமைப்படுத்தினார். ஈர்ப்பில் ஆழமாக இருக்கும் இடத்தில் நேரமே மெதுவாக நகர்கிறது என்றார். எவ்வளவு பலமாக இழுக்கிறது என்பது கணக்கு இல்லை, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம் என்பதுதான் கணக்கு. கிணறு போல நினைத்துக்கொள்ளுங்கள். கிணற்றடியில் இருப்பவனுக்கு நேரம் மெதுவாகவும், மேட்டில் நிற்பவனுக்குக் கொஞ்சம் வேகமாகவும் போகும். லாங் பஜார் கடல் மட்டத்திலிருந்து சுமார் 220 மீட்டர். ஊசல் இல்லாத, குறையே இல்லாத ஒரு கடிகாரத்தை அங்கேயும் இன்னொன்றைக் கோடைக்கானலிலும் வைத்தால், மலைக் கடிகாரம் நாளுக்குச் சுமார் 20 நேனோ விநாடி முந்தும். பாருங்க, ஊசல் கடிகாரம் மலையில் பிந்துகிறது, உண்மையான நேரமோ முந்துகிறது. இரண்டும் நேர் எதிர்த் திசை. வைவாவில் யாராவது கேட்டால் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எவர்ஷெட் மலையில் இருந்த பதினாறு வருஷத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டேன். கீழே லாங் பஜாரில் கடை வைத்திருந்தவரைவிட அவர் ஒரு விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கூடுதலாக மூப்படைந்திருப்பார். அதை அளக்கும் கடிகாரம் அன்று உலகத்திலேயே கிடையாது.

ஆனால் சூரியன் பெரிய கிணறு. அதன் பரப்பில் ஒரு கடிகாரம் வைத்தால் வருஷத்துக்கு ஒரு நிமிஷத்துக்குச் சற்று மேல் பின்தங்கும். அங்கே யார் போய்க் கடிகாரம் வைப்பது? வைக்கவே வேண்டாம், ஏற்கெனவே இருக்கிறது. சூரியனில் உள்ள ஒவ்வொரு இரும்பு அணுவும் ஒரு கடிகாரம்தான். அது தனக்கென்று குறித்த அதிர்வெண்ணில் துடித்து ஒளி விடுகிறது, ஒளியை விழுங்குகிறது. அங்கே நேரம் மெதுவானால் துடிப்பும் மெதுவாகும், நிறமாலையில் அந்தக் கோடு சிவப்புப் பக்கமாகச் சற்று நகரும். லேபில் இரும்பு ஆர்க் எரித்து எடுத்த கோட்டையும், சூரியனின் கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போச்சு.

போச்சு என்று சொல்வது சுலபம். எவ்வளவு நகரும் தெரியுமா? பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. ஒரு கிலோமீட்டர் நீளத்தில் 2 மில்லிமீட்டர் வித்தியாசம் கண்டுபிடிக்கிற மாதிரி. இதில் தொல்லை என்னவென்றால், வாயு நம்மை விட்டு விலகி ஓடினாலும் கோடு சிவப்புக்குத்தான் நகரும். ஈர்ப்பால் வருகிற நகர்வு, விநாடிக்கு சுமார் 630 மீட்டர் வேகத்தில் விலகும் வாயு காட்டும் நகர்வுக்குச் சமம். சூரியன் தன்னைத்தானே சுற்றுவதால் அதன் நடுக்கோட்டு ஓரம் விநாடிக்கு 2 கிலோமீட்டர் ஓடுகிறது, அதுவே மூன்று மடங்கு. பூமியின் சுழற்சி வேறு, சூரியனைச் சுற்றும் பாதை வேறு. எல்லாவற்றையும் கழித்துவிட்டு மிச்சத்தைப் பார்க்க வேண்டும்.

எவர்ஷெட் இதற்குக் கண்டுபிடித்த வழி கைவேலை தெரிந்தவனுக்குத்தான் தோன்றும். கோடு கொஞ்சம் அகலமாக, மங்கலாக இருக்கும். அதன் நடு எது என்று கண்ணால் குறி வைப்பது கஷ்டம். அவர் நிறமாலைத் தகட்டின் நெகட்டிவ் மேல் அதன் பாசிட்டிவ் நகலை வைத்தார். ஒன்றை மைக்ரோமீட்டர் திருகால் நகர்த்திக்கொண்டே வந்தால், கோடு கோட்டின்மேல் சரியாக உட்காரும் நொடியில் வெள்ளையும் கறுப்பும் ஒன்றையொன்று அழித்து, ஒரே சீரான சாம்பல் நிறமாகிவிடும். அவ்வளவுதான், ரீடிங் எடுத்துக்கொள்ளலாம். தராசு முள் நடுவில் நிற்பது போல. இந்த முறையில், ராய்ட்ஸ் என்ற சக ஆய்வாளரோடும், அங்கே வேலை பார்த்த இந்திய உதவியாளர்களோடும் வருஷக்கணக்கில் தகடு தகடாக அளந்தார். அந்த உதவியாளர்கள் பெயரெல்லாம் பழைய கோடைக்கானல் வெளியீடுகளில் தூங்குகின்றன. யாராவது நம் மாணவர் எடுத்து எழுதினால் புண்ணியம்.

1914-க்குள் ஒரு விஷயம் நிச்சயமாகிவிட்டது. சூரியனின் இரும்புக் கோடுகள் சிவப்புக்கு நகர்ந்துதான் இருக்கின்றன. வட்டத்தின் நடுவில் கொஞ்சமாக, விளிம்பில் அதிகமாக. அதுவரை பலர் சொன்ன காரணம் அழுத்தம். சூரியனில் வாயு அழுத்தம் அதிகம், அதனால் கோடு நகர்கிறது என்றார்கள். எவர்ஷெட் அது செல்லாது, அங்கே அழுத்தம் குறைவுதான் என்று தன் அளவுகளைக் கொண்டே காட்டினார். இது பெரிய வேலை.

ஐரோப்பாவில் ஐன்ஸ்டைன் பக்கத்து ஆட்கள் இந்த எண்களைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். எண்களுக்குச் சொந்தக்காரரோ சந்தோஷப்படவில்லை. ஈர்ப்பு என்றால் நடுவிலும் விளிம்பிலும் ஒரே அளவாக அல்லவா நகர வேண்டும்? இது வாயுவின் ஓட்டம்தான் என்று நினைத்தார். ஆனால் அப்படி நினைத்தால் ஒரு விபரீதம் வருகிறது. விளிம்பில் எந்தப் பக்கம் பார்த்தாலும் வாயு நம்மை விட்டு விலகுகிறது. சூரியனின் நடுவிலிருந்து வெளியே ஓடினால் விளிம்பில் அது குறுக்காகத்தானே ஓடும், நம்மை விட்டு விலகாதே? அப்படியானால் பூமி ஏதோ ஒரு விதத்தில் சூரியனின் வாயுவைத் தள்ளுகிறது என்றுதான் ஆகும். கேட்கவே விசித்திரம்தான். ஆனால் அவர் எண்களை மாற்றுவதைவிட விசித்திரத்தைச் சோதிப்பது மேல் என்று முடிவு செய்தார். நம் லேபுகளில் விடையை முதலில் வைத்துக்கொண்டு, அதற்கேற்ற ரீடிங்கை ரெக்கார்டில் எழுதுகிறவர்களை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். இவர் அந்தப் பக்கமே போகவில்லை.

சோதனை எப்படி? பூமிதான் தள்ளுகிறது என்றால், பூமிக்கு மறுபக்கம் இருக்கும் சூரிய முகத்தில் அந்தத் தள்ளல் இருக்காது. அந்த முகத்தை நாம் பார்க்க முடியாது. ஆனால் வெள்ளி கிரகம் பார்க்கும்! வெள்ளி சூரியனுக்குப் பக்கவாட்டிலோ அப்பாலோ இருக்கும்போது, அதன்மேல் படுவது நாம் பார்க்காத முகத்தின் ஒளி. கிரகத்தையே கண்ணாடியாக வைத்து, அந்த ஒளியின் கோடுகளை அளந்தார். எனக்கு இந்த யோசனையை முதன்முதல் படித்தபோது எழுந்து நின்று ஒரு சலாம் போடலாம் போல இருந்தது.

முதலில் வந்த அளவுகள் அவருடைய விசித்திர யோசனைக்கே சாதகமாக இருந்தன. பெரும்பாலானோர் அங்கேயே கடையைக் கட்டியிருப்பார்கள். இதற்கிடையில் 1917-ல் அமெரிக்காவில் மவுண்ட் வில்சன் கூடத்தின் செயின்ட் ஜான், சயனோஜன் பட்டைகளில் ஐன்ஸ்டைன் சொன்ன நகர்வு இல்லவே இல்லை என்று அறிவித்தார். கோடைக்கானல் சயனோஜன் அளவுகளும் ஐன்ஸ்டைனுக்கு ஒத்து வரவில்லை. 1919 கிரகணத்தில் ஒளி வளைவது நிரூபணமாகி ஐன்ஸ்டைன் ஒரே நாளில் உலகப் புகழ் பெற்றார், ஆனால் சிவப்பு நகர்வு பாக்கி நின்றது. அது இல்லையென்றால் கொள்கையையே கைவிட வேண்டும் என்ற நிலை. சூரியன் தரப்பில் சாட்சி சொல்லக்கூடிய கூடங்கள் உலகத்தில் விரல் விட்டு எண்ணக்கூடியவை. அதில் ஒன்று நம் கொடைக்கானல் மலைமேல்.

எவர்ஷெட் வெள்ளியைத் திரும்பத் திரும்ப அளந்தார். பிற்பாடு வந்த அளவுகளில் பூமி தள்ளுகிறது என்ற கதை நிலைக்கவில்லை. அழுத்தத்தைத் தானே தள்ளுபடி செய்தாயிற்று, பூமியும் போயிற்று. மிச்சம் நின்றது ஐன்ஸ்டைன் மட்டும். 1920-களின் தொடக்கத்தில் எவர்ஷெட் அந்தப் பக்கம் வந்தார். 1923-ல் செயின்ட் ஜானும் வந்தார். இரண்டு பிடிவாதக்காரர்கள், உலகின் இரண்டு மூலையில், தங்கள் பழைய கருத்துக்கு எதிராகத் தங்கள் எண்களாலேயே இழுத்து வரப்பட்டார்கள்.

நடுவில் ஏன் குறைவு, விளிம்பில் ஏன் அதிகம்? அதற்கு விடை பின்னால் வந்தது. சூரியனின் பரப்பு வெல்லப்பாகு கொதிக்கிற மாதிரி கொதிக்கிறது. சூடான, பிரகாசமான வாயு மேலே எழும்பி வருகிறது. நடுவில் பார்க்கும்போது அது நம்மை நோக்கி வருவதால் கோடு நீலப்பக்கம் இழுபட்டு, ஈர்ப்பால் வந்த சிவப்பு நகர்வில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகிறது. விளிம்பில் அந்த ஓட்டம் நமக்குக் குறுக்கே ஆகிவிடுவதால் ஈர்ப்பின் பங்கு பெரும்பாலும் அப்படியே தெரிகிறது. ஆக, அது வாயுவின் ஓட்டமும் சேர்ந்த சங்கதி என்று அவர் ஆரம்பத்தில் நினைத்ததிலும் பாதி நியாயம் இருந்தது.

எல்லாம் ஜெயமாகவே நடந்தது என்று நினைக்க வேண்டாம். 1922-ல் கிரகணத்தில் ஒளி வளைவதை அளக்க மனைவியோடு ஆஸ்திரேலியாவின் வல்லால் கடற்கரைக்குப் போனார். கருவித் தொல்லையால் அவருடைய முயற்சி பலிக்கவில்லை. பக்கத்தில் முகாம் போட்ட அமெரிக்கர்களுக்கு நல்ல படங்கள் கிடைத்தன.

மேரி எவர்ஷெட்டைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். கோடைக்கானல் குளிரில் உட்கார்ந்து, இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் காவியத்தில் வரும் வானவியலை ஆராய்ந்து 1914-ல் புத்தகம் வெளியிட்டார். சூரியப் பிழம்புகளைப் பற்றிக் கணவரோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்தார்.

பட்டமில்லாத இந்த கெமிஸ்டுக்கு 1915-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவி, 1918-ல் ராயல் வானவியல் சங்கத்தின் தங்கப் பதக்கம் கிடைத்தன. 1923-ல் ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. யூஹர்ஸ்ட் என்ற கிராமத்தில் சொந்தக் கூடம் கட்டி, திரவம் நிரப்பிய பெரிய பட்டகங்களைத் தானே அமைத்து, அதே சூரியக் கோடுகளை இன்னும் முப்பது வருஷம் அளந்தார். பழைய கெமிஸ்ட் புத்தி விடுமா? மேரி 1949-ல் மறைந்தார். எவர்ஷெட் 1956 நவம்பர் 17-ல், 92-ம் வயதில் காலமானார்.

அவர் போன நாலே வருஷத்தில், 1960-ல், ஹார்வர்டில் பவுண்ட், ரெப்கா என்ற இருவர் சுமார் 22 மீட்டர் உயரக் கோபுரத்தில் மேலும் கீழும் வைத்தே நேர வித்தியாசத்தை அளந்துவிட்டார்கள். நம்ம போனில் வழி காட்டும் ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்களின் கடிகாரங்கள் உயரத்தில் இருப்பதால் நாளுக்கு 45 மைக்ரோ விநாடி முந்துகின்றன, வேகத்தால் 7 பிந்துகின்றன. மிச்சம் 38-ஐத் திருத்தாவிட்டால் நேதாஜி மார்க்கெட்டுக்கு வழி கேட்டால் அடுத்த நாளே வேறு ஊரைக் காட்டும். சூரியனில் மட்டும் வேலை இழுத்துக்கொண்டே போனது. 2020-ல்தான், நிலவில் பட்டுத் திரும்பிய சூரிய ஒளியை லேசர் அளவுகோலோடு ஒப்பிட்டு, இரும்புக் கோடுகளிலேயே ஈர்ப்பு நகர்வு விநாடிக்கு 638 மீட்டர், பிழை 6 மீட்டர் என்று துல்லியமாக அறிவித்தார்கள். ஐன்ஸ்டைன் கணக்கு 633. பிறர் ஒளியைக் கடன் வாங்கிச் சூரியனை அளப்பது எவர்ஷெட் வெள்ளியிடம் செய்த வேலையேதான், இவர்கள் நிலவிடம் செய்தார்கள்.

கோடைக்கானலில் நூறு வருஷத்துக்கும் மேலாக எடுத்த சூரியப் படத் தகடுகளை இந்திய வானியற்பியல் நிறுவனம் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறது. அவற்றில் எவர்ஷெட் காலத்துத் தகடுகளும் உண்டு.